சம்பளத்துக்குப் பதில் சம்பந்தம்

ருமேனா "சரி" என்று சொன்னதோடு போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். அத்தை மகன் ருஹேலைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அம்மா ஹுஸ்னா கேட்டபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்ன சரி அது. வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து வந்து இங்கிலாந்தில், ஓல்டாமில் இருக்கிற எங்கள் வீடுகளில், கேட்ட உடனே ஒரு பெண் சரி சொல்லிவிட்டால் தாய் சந்தேகப்பட வேண்டும். ஹுஸ்னா சந்தேகப்படவில்லை. இருட்டுவதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

சந்தேகப்படவும் ஒன்றுமில்லைதான். ருமேனாவுக்கு இருபத்தெட்டு வயது, ஆசிரியை வேலை, யாரும் கையைப் பிடித்து முறுக்கவில்லை. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

ருஹேலை ஊரிலிருந்து வரவழைத்தவர் அவளுடைய அப்பா மோத்தின் மியா. தங்கச்சி மகன், நல்ல கைப்பக்குவம். தன் ஹோட்டலுக்குச் சமையல்காரன் வேண்டும் என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்து, ஸ்பான்சராக நின்று, வேலை விசா எடுத்து வரவழைத்தார். கடைக்கு மேலே மாடியில் நாலு பேரோடு ஓர் அறையில் படுத்துக்கொள்வான். பனி கொட்டிய ஒரு நாள் ருமேனாவின் கார் மேட்டுப் பாதையில் நின்றுபோனது. கோழி வாடை அடிக்கிற கடை வேனை ஓட்டிக்கொண்டு வந்தவன், "டீச்சரம்மா, வண்டிக்கும் பரீட்சை வச்சீங்களா? ஃபெயிலாகி உட்கார்ந்துடுச்சே" என்றான். அன்றிலிருந்துதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பான்-சீனி, அதாவது நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலையும் சர்க்கரையும் இனிப்பும் தட்டுத் தட்டாக எடுத்து வர வேண்டும். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சில்ஹெட்டில் இருக்கிறார்கள். மோத்தின் மியா அதற்கெல்லாம் அசருகிற ஆளா? தட்டுக்குப் பணம் அவரே கொடுத்தார். தன் கடையிலேயே தட்டுகளை நிரப்பச் சொன்னார். பரிமாறுகிற பையன்களுக்கு ஜிப்பா மாட்டிவிட்டு, கடை வேனில் ஏற்றித் தன் வீட்டுக்கே அனுப்ப ஏற்பாடு செய்தார். பெண்ணுக்கு அப்பாவும் அவரே, பையனுக்கு மாமாவும் அவரே. மாலை ஐந்து மணிக்குக் கடை திறந்தாக வேண்டும், அதனால் மூன்றரைக்கே எல்லாவற்றையும் தொடங்கிவிட வேண்டும் என்று உத்தரவு வேறு.

மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவராக உட்கார ஒரு ஆள் வேண்டுமே. கொயஸ் அலியைக் கூப்பிட்டார். சுற்றுவட்டாரத்தில் பாதி ஹோட்டல்களுக்குக் கணக்கும் விசா வேலையும் பார்க்கிறவர். மோத்தின் மியா செய்த தப்பு அதுதான். சொந்தக்காரன் என்றால் எதை மறைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

கொயஸ் அலி ஒரு மணிக்கே வந்துவிட்டார். முன்னறை சோபாவில் சாய்ந்து, சர்க்கரைப் பாகு சொட்டுகிற பலகாரத்தை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ருமேனா டீ கொண்டுபோனாள்.

"வா தாயி! இன்னிக்கு நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன். மரியாதை ஜாஸ்தியா இருக்கணும்."

"டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டிருக்கேன் சாச்சா. அதான் மரியாதை."

அவர் குலுங்கிச் சிரித்தார். பிறகு விரலை நக்கிக்கொண்டே, "ஆறு மாசத்துச் சம்பளச் சீட்டெல்லாம் எடுத்து வச்சுட்டியா?" என்றார்.

"யாரோடது?"

"உன்னோடதுதான். பொண்டாட்டி சம்பளத்தைக் காட்டித்தானே புருஷன் விசா வாங்கணும்? உனக்கு வேணுங்கறதுக்கு மேலயே இருக்கு, மாஷா அல்லாஹ்."

"அவருக்குத்தான் வேலை விசா இருக்கே சாச்சா. அப்பாதானே ஸ்பான்சர்?"

"அட, உனக்கு ஒண்ணும் தெரியாதா!" கொயஸ் அலிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அந்த விசா ஜூலையோட முடியுது. புதுப்பிக்கணும்னா அவனுக்கு முப்பத்தோராயிரம் பவுண்டுக்கு மேல சம்பளம் காட்டணும். அவன் வந்தப்ப இருந்த கணக்கு வேற, இப்ப ஏத்திட்டானுங்க. காட்டினா மட்டும் போதாது, பேங்க்ல போட்டே ஆகணும். வெங்காயம் உரிக்கிற பையனுக்கு முப்பத்தோராயிரமா? உங்கப்பன் எங்க போவான்?"

வெங்காயம் உரிக்கிற பையன். சனிக்கிழமை ராத்திரிகளில் நூறு பேருக்குத் தனி ஆளாக அடுப்பில் நிற்கிறவனுக்கு இந்தப் பெயர்.

"நான்தான் யோசனை சொன்னேன். மோத்தின் பாய், வீட்டுல சம்பாதிக்கிற பொண்ணை வச்சுக்கிட்டு எதுக்கு அழறேன்னேன். உனக்குப் புருஷனா ஆயிட்டான்னா இந்தச் சம்பள ரூல் எதுவுமே கிடையாது. ஊர்ல எல்லாருக்கும் குடுக்கற குறைஞ்ச கூலிதான். அதுவும் கணக்குல வாரத்துக்கு ரெண்டு நாள். மீதி நாள் வீட்டு மாப்பிள்ளை, மாமனாருக்குக் கைகொடுக்க வந்தான்னு விட்டுடலாம். யார் கேக்கப் போறா? நீ அப்பனைக் காப்பாத்திட்டே தாயி. ஒரு ஆம்பளப் புள்ளகூட இவ்வளவு செய்யமாட்டான்."

சொல்லிவிட்டு அடுத்த பலகாரத்தை எடுத்தார். பாகு அவர் தாடியில் ஒழுகியது. ருமேனா டீ தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

ஹுஸ்னா நார்த்தங்காய் போட்ட மாட்டிறைச்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கழுத்தில் நகை, அதன்மேல் சமையல் துணி.

"அம்மா, விசா சம்பளம் குடுக்க வேணாம்னுதான் அப்பா இந்தக் கல்யாணம் பண்றாராமே. உனக்குத் தெரியுமா?"

"யார் சொன்னா?"

"தெரியுமா, தெரியாதா?"

ஹுஸ்னா கரண்டியை வைக்கவில்லை. "தெரியும். அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவா!"

"கத்தாதடி, ஆள் இருக்கு. உனக்குப் பிடிச்ச பையன். அப்பாவுக்குச் செலவு மிச்சம். அவனுக்கு விசா. இதுல யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இப்படித்தான் குதிப்பேன்னு தெரியும்." ஹுஸ்னாவின் குரல் தணிந்தது. "உங்கப்பா என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கல. பாஸ்போர்ட் இந்த நாட்டுதுதானான்னு மட்டும் எங்கப்பாகிட்ட கேட்டுக்கிட்டார். எனக்குப் பத்தொம்போது வயசு. டீயைக் குடுத்துட்டு உள்ள போன்னாங்க, போனேன். முப்பது வருஷமா குடும்பம் நடத்தலையா? ஒண்ணும் செத்துப் போயிடல."

"உனக்கு அருவருப்பா இல்லையாம்மா?"

கரண்டி ஒரு நொடி நின்றது.

"அடி பிடிக்குது. நகரு" என்றாள் ஹுஸ்னா.

ருமேனா கார் சாவியை எடுத்தாள். பட்டுச் சேலையோடு, பாதி கட்டிய கொண்டையோடு, மழையில் மேட்டுப் பாதையில் ஓட்டினாள். அப்பாவின் புத்தி அவளுக்குப் புதிதில்லை. மீந்த சோற்றை மறுநாள் வேலைக்காரர்களுக்குப் போடுகிறவர், ஹீட்டரைத் திருகி நிறுத்துகிறவர், அதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் மகளையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று அவள் நினைக்கவில்லை. ருஹேலுக்கு இது தெரிந்திருக்காது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

கடையின் பின்கதவு திறந்திருந்தது. புது ஜிப்பா போட்டுக்கொண்டு, வெற்றிலைத் தட்டுக்குப் பளபளப்புத் தாள் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான் ருஹேல். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன டீச்சரம்மா, பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து நிக்கறீங்க? ஊரு கெட்டுப்போச்சு போங்க!"

"என்னைக் கட்டிக்கிட்டா உன் சம்பளம் குறையும்னு உனக்குத் தெரியுமா?"

சிரிப்பு போய்விட்டது. கையில் இருந்த ரிப்பனை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். ருமேனாவுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"தெரியும்" என்றான்.

"எப்பலேருந்து?"

"ஜனவரியிலேருந்து. ஸ்காட்லாந்துல, அபர்டீன்ல ஒரு ஹோட்டல்காரர் என்னைக் கூப்பிட்டார். சட்டப்படி முழுச் சம்பளம், விசாவும் அவரே புதுப்பிச்சுத் தரேன்னார். மாமாகிட்ட போய் அனுமதி கேட்டேன். மறுநாள் மாமா கூப்பிட்டு, 'எங்கடா போறே? ருமேனாவை உனக்குத் தரேன், இங்கேயே இரு'ன்னார்."

"தரேன்னாரா? நான் என்ன, பார்சலா? மேல கொஞ்சம் ஊறுகாயும் வச்சுத் தரேன்னாரா?"

"ருமேனா..."

"ஜனவரியில உன்கிட்ட பேசி முடிச்சிருக்கார். என்னைக் கேட்டது போன ஞாயித்துக்கிழமை!"

"எனக்கு உன்னை முன்னாடியே பிடிக்கும். சத்தியமா. ஆனா நான் எப்படிக் கேப்பேன்? மாடியில நாலு பேரோட படுத்துக் கிடக்கிறவன், முதலாளி பொண்ணைக் குடுங்கன்னு கேக்க முடியுமா? அவரா வந்து சொன்னப்ப, எனக்கு... வேற எதுவும் யோசிக்கத் தோணல."

"அபர்டீன் போயிட்டு, அங்க நல்ல சம்பளத்துல உட்கார்ந்துக்கிட்டு, அப்புறம் வந்து கேட்டிருக்கலாமே?"

அவன் ரிப்பனைத் தட்டின் மேல் வைத்தான்.

"குறைஞ்ச கூலி, அதுவும் ரெண்டு நாளைக்கு. ஒத்துக்கிட்டியா?"

"குடும்பம்னு ஆனப்புறம் சம்பளம் எதுக்குடா, நாளைக்குக் கடையே உனக்குத்தானேன்னார்."

"எழுதிக் குடுத்தாரா?"

"பெத்த தாயோட அண்ணன்கிட்ட எழுதிக் குடுங்கன்னு கேக்கறதா?"

இப்படி நம்பித்தான் இவனைப் போன்றவர்கள் இந்த நாட்டுச் சமையலறைகளில் முதுகு ஒடிகிறார்கள். மாமா, சாச்சா, ஊர்க்காரர் என்று ஒரு முறையைச் சொல்லிவிட்டால் போதும், கூலியைக் கேட்க வாய் வராது. ருமேனாவுக்கு அவன் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "முன்னாடியே பிடிக்கும்" என்று அவன் சொன்னது இத்தனைக்கு நடுவிலும் தனக்கு இனித்ததே என்று தன் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. திரும்பி நடந்து காரில் ஏறிவிட்டாள்.

மூன்றரை மணிக்கு முன்னறை நிரம்பிவிட்டது. ஜிப்பா போட்ட பரிமாறுகிற பையன்கள் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். பள்ளிவாசல் இமாம் நடுவில் உட்கார்ந்தார், ஒரு பக்கம் மோத்தின் மியா, மறுபக்கம் கொயஸ் அலியும் ருஹேலும். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில், சில்ஹெட்டிலிருந்து அத்தையின் முகம். பாதி நேரம் அவர்கள் வீட்டு மின்விசிறிதான் தெரிந்தது.

"மஹர் பேசியாச்சா?" என்று இமாம் கேட்டார். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய பணம் அது.

கொயஸ் அலி தொண்டையைக் கனைத்தார். "மாப்பிள்ளை தரப்புல பத்தாயிரம் பவுண்டு சொல்றோம்."

மோத்தின் மியா தாடியைத் தடவிக்கொண்டு பெரிதாக யோசித்தார். அந்தத் தொகையைக் கொயஸ் அலிக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். "சரி, ஒத்துக்கறேன்" என்றார். தானே சொல்லித் தானே ஒத்துக்கொள்கிற இந்தக் கூத்தைப் பார்க்க ருமேனாவுக்குக் கூசியது. கதவு ஓரத்தில் பெண்களோடு நின்றிருந்தவள் முன்னால் வந்தாள்.

"ஹஜ்ரத், மஹர் என்னோட உரிமைதானே? நானே சொல்லலாமா?"

"தாராளமா சொல்லும்மா."

"எனக்குப் பணம் வேணாம். ருஹேலுக்குச் சட்டம் சொல்ற சம்பளத்தை அப்பா ஒழுங்காக் குடுத்து, ருஹேலோட விசாவையும் தானே புதுப்பிச்சுக் குடுக்கணும். ஒரு வருஷம் போகட்டும். இந்த நாட்டுல இருக்கறதுக்கு என் தயவு தேவையில்லைன்னு ஆனப்புறம் ருஹேல் வந்து என்னைக் கேக்கட்டும். அப்ப நான் பதில் சொல்றேன்."

பரிமாறுகிற பையன்களில் ஒருவன் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டான்.

"சபையில என்ன பேச்சு இது?" மோத்தின் மியாவின் முகம் சிவந்துவிட்டது. "உள்ள போ!"

"அம்மா போனாங்க. நான் போகமாட்டேன்."

கதவு ஓரத்தில் ஹுஸ்னா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகையா வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியவில்லை.

கொயஸ் அலி சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். "தாயி, நீ படிச்ச பொண்ணு, நியாயமாத்தான் பேசறே. ஆனா அது இனிமே நடக்காது. ஆளைக் கூப்பிட்டு வேலைக்கு வைக்கிற லைசன்ஸ் இருந்தாத்தானே விசாவைப் புதுப்பிக்க முடியும்? அதைத்தான் உங்கப்பா போன மாசமே சர்க்கார்கிட்ட திருப்பிக் குடுத்துட்டாரே."

ருஹேல் தலையைத் தூக்கினான். "என்ன குடுத்துட்டார்?"

"லைசன்ஸ்டா. ஸ்பான்சர் இல்லைன்னா உன் விசாவும் செல்லாது. இன்னிக்கோ நாளைக்கோ உனக்கு லெட்டர் வரும். ரெண்டு மாசம் தருவானுங்க. அதுக்குள்ள நீ இவ புருஷனா ஆகணும், இல்லேன்னா ஊருக்குப் பிளேன் ஏறணும். எல்லாம் பேசினதுதானே?"

"என்கிட்ட யாரும் பேசல" என்றான் ருஹேல். "மாமா, அபர்டீன்காரருக்கு உங்க எதிர்லயே ஃபோன் போட்டு வரலைன்னு சொல்ல வச்சீங்களே. அவர் வேற ஆளை எடுத்துட்டார், மாமா."

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்டா! லைசன்ஸ் இருந்தா அதிகாரிங்க எந்த நேரத்துல வந்து சமையக்கட்டுல நிப்பானுங்கன்னு தெரியாது. யாருக்கு எவ்வளவு குடுக்கறே, எத்தனை மணி நேரம் வேலை வாங்கறேன்னு குடைவானுங்க. கல்யாணம்தான் நிச்சயமாயிடுச்சே, அந்தத் தலைவலி எதுக்குன்னு குடுத்துட்டேன்" என்றார் மோத்தின் மியா.

"எப்ப நிச்சயமாச்சுப்பா?" ருமேனா கேட்டாள்.

"நீதான் சரின்னியே!"

"நான் சரின்னது போன ஞாயித்துக்கிழமை. நீங்க லைசன்ஸைக் குடுத்தது போன மாசம்."

மோத்தின் மியா வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார். இமாம் தரையைப் பார்த்தார். சே, இந்த மனுஷன் எத்தனை சுலபமாக இதைச் செய்திருக்கிறார்! மகள் மாட்டேன் என்று சொல்லக்கூடும் என்று அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், மாட்டேன் என்று சொல்ல முடியாதபடி கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்து கேட்டிருக்கிறார். இந்தக் கையால்தான் சின்ன வயதில் தனக்குச் சோறு ஊட்டினார் என்பது ருமேனாவுக்கு நினைவு வந்தது.

செல்போனில் அத்தை அழ ஆரம்பித்தாள். "ஐயோ, என் புள்ளையைத் திருப்பி அனுப்பிடுவாங்களா? நிலத்தை வித்துல்ல அனுப்பினேன்! ருமேனா, என் கண்ணு, உன் கையில இருக்கும்மா. ஒரு வார்த்தை சொல்லும்மா."

"கேட்டியா?" மோத்தின் மியாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "உன் ரோஷம் பெருசா, அவன் பொழப்பு பெருசா? மோதிரத்தைப் போட்டுக்கோ. மணி நாலே முக்கால், கடை திறக்கணும்."

இத்தனைக்கும் பிறகு கடை திறக்கணுமாம்!

ருஹேல் எழுந்தான். தட்டில் இருந்த மோதிர டப்பாவை எடுத்தான். நேராக அவள் முன்னால் வந்து நின்றான். டப்பாவைத் திறக்காமல் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

"வேணாம்னு சொல்லிடு, ருமேனா" என்றான். "எனக்காகச் சரின்னு சொல்லாதே. நான் ஊருக்குப் போறேன்."

அத்தை வீறிட்டாள். "பைத்தியக்காரா!" என்று பல்லைக் கடித்தார் மோத்தின் மியா. ருஹேல் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

நேற்று இதைச் சொல்லியிருந்தால் அவள் அப்படியே அவன் கையைப் பிடித்திருப்பாள். இப்போது கை எழவில்லை. நிஜமாகவே போகிறேன் என்கிறானா, இல்லை, போகிறேன் என்று சொன்னால்தான் இவள் போகாதே என்பாள் என்று தெரிந்து சொல்கிறானா?

கலங்கிய கண்ணோடு நிற்கிற ஒருவனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி தனக்குள் எழுந்ததே என்று ருமேனா திடுக்கிட்டாள். இது அவளுடைய கேள்வி இல்லை. இது அப்பா கேட்கிற கேள்வி. யார் எதைக் கொடுத்து எதை வாங்குகிறார்கள் என்று பார்க்கிற அப்பாவின் கண்ணால் அவள் ருஹேலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா" என்றாள் அத்தை. "சொல்லு" என்றார் அப்பா. ருமேனாவால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.